சாரி கார்டு யாருக்காக?

புது பைக் வாங்குகிறவர்கள் முதலில் கழற்றும் பாகம் எது என்று உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: சாரி கார்டு. பின்சக்கரத்தின் இடதுபக்கம், சீட்டுக்குக் கீழே, இரண்டு மூன்று போல்ட்டில் நிற்கிற கம்பி வளைவு அல்லது பிளாஸ்டிக் தட்டு. ஸ்பேனர் இருந்தால் பத்து நிமிட வேலை. கழற்றியதும் வண்டி கொஞ்சம் ஒல்லியாகிவிடும், டயர் முழுதாக வெளியே தெரியும். "லுக்கே மாறிடுச்சு மச்சி" என்று நண்பர்கள் சொல்வார்கள். உண்மைதான், லுக் மாறித்தான் போகிறது.

அதோடு நிற்பதில்லை. பெரிய கண்ணாடிகள் போய் ஹேண்டில்பார் முனையில் சின்னதாக வட்டக் கண்ணாடி வரும், சில வண்டிகளில் அதுவும் வராது. பின்சீட்டில் இருப்பவர் பிடித்துக்கொள்ளும் கம்பி போகும். பின் மட்கார்டு நம்பர் பிளேட்டோடு சேர்ந்து மேலே ஏறிக் குட்டையாகிவிடும். பளிச்சென்று தெரியும் இண்டிகேட்டர் இருந்த இடத்தில் விரல் நகம் அளவுக்கு ஒரு எல்ஈடி. கடைசியில் சைலன்சர். அதன் உள்ளே இருக்கும் தடுப்பை எடுத்துவிடுவார்கள், அல்லது மொத்தமாகவே வேறொரு குழாய்.

இந்தப் பட்டியலை ஒருமுறை வரிசையாக எழுதிப் பார்த்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. சாரி கார்டு ஓட்டுபவருக்கானது அல்ல, பின்னால் உட்காருபவருக்கானது. பிடிகம்பியும் அப்படியே. பின் மட்கார்டு மழைக்காலத்தில் நமக்குப் பின்னால் வருகிறவரின் முகத்துக்கானது. நான் எந்தப் பக்கம் திரும்பப் போகிறேன் என்று எனக்குத் தெரியும், இண்டிகேட்டர் தெரியாதவர்களுக்காக எரிகிறது. கண்ணாடி பாதி எனக்கு, பாதி என்னை முந்த நினைப்பவருக்கு. சைலன்சர் தெருவுக்கு. அதற்கு முன்னால் கண்ணுக்கே தெரியாமல் உட்கார்ந்திருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் நான் பார்க்கவே போகாத யாரோ ஒருவரின் நுரையீரலுக்கு.

ஒரு பைக்கில் இரண்டு வகைப் பாகங்கள் இருக்கின்றன. ஓட்டுபவருக்கானவை, மற்றவர்களுக்கானவை. "இது என் வண்டி, என் இஷ்டப்படி மாத்திக்கிறேன்" என்று நாம் ஸ்பேனரை எடுக்கும்போது பெரும்பாலும் இரண்டாம் வகையில்தான் கைவைக்கிறோம்.

இது தற்செயலா?

*

நான் மாடிஃபிகேஷனுக்கு எதிரானவன் அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என் கையிலும் கிரீஸ் இருக்கும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு ஹேண்டில்பாருக்காக ஏழு கடை ஏறி இறங்குவதும், புதுப்பேட்டையில் பழைய பாகக் குவியலுக்குள் நம் வண்டிக்குப் பொருந்துகிற ஒன்றைக் கண்டெடுப்பதும் தனி சந்தோஷம். அது பைக் பைத்தியம் பிடிக்காதவர்களுக்குப் புரியாது.

இந்த ஆசைக்கு நியாயமான காரணம் இருக்கிறது. நம்மிடம் இருக்கும் பொருட்களில் நம் கை நுழையக்கூடியவை குறைந்துகொண்டே வருகின்றன. ஃபோனின் பேட்டரியை நாமே மாற்ற முடியாதபடி ஒட்டியே தருகிறார்கள். லேப்டாப்பைத் திறந்தால் வாரண்டி போய்விடுமோ என்று பயம். மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு குறையும் உண்டு. வருடம் முழுக்க எழுதிய கோடு எங்கே போனது, யார் பயன்படுத்தினார்கள் என்று தெரியாது. அடுத்த வெர்ஷனில் அது இருக்காது. ஆனால் ஒரு கிளட்ச் கேபிளை மாற்றினால் அன்று மாலையே விரலில் தெரியும். மாத்யூ கிராஃபோர்ட் என்ற அமெரிக்கத் தத்துவவாதி வாஷிங்டனில் ஓர் ஆய்வு நிறுவன வேலையை விட்டுவிட்டு ரிச்மண்டில் பைக் ரிப்பேர் கடை போட்டார். கைவேலையில் இருக்கும் சிந்தனையைப் பற்றி 2009-இல் அவர் எழுதிய புத்தகம் இத்தனை பேரைத் தொட்டதற்குக் காரணம், கணினித் திரையின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பலருக்கும் உள்ளூர அந்த ஏக்கம் இருந்ததுதான்.

உரிமை பற்றிய பழைய வாதம் ஒன்றும் மாடிஃபிகேஷன் செய்கிறவர் பக்கம் நிற்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் லாக் சொன்னது: பொதுவில் கிடக்கும் ஒன்றோடு என் உழைப்பைக் கலக்கும்போது அது என்னுடையதாகிறது. ஷோரூமில் பணம் கட்டி வாங்கிய அன்று வண்டி சட்டப்படி என்னுடையது. ஆனால் அதே நிறத்தில், அதே வடிவத்தில் ஆயிரக்கணக்கான வண்டிகள் ஓடுகின்றன. அதைத் திறந்து, கழற்றி, வேறொன்றைப் பொருத்தி, கை வெட்டுப்பட்டு, மறுபடி பூட்டும்போதுதான் "என்னோடது" என்ற சொல்லுக்கு எடை வருகிறது. இதை நான் முழுக்க நம்புகிறேன்.

ஆனால் லாக் அதோடு ஒரு நிபந்தனையும் வைத்தார். நான் எடுத்துக்கொண்ட பிறகும் மற்றவர்களுக்குப் போதுமான அளவு, அதே தரத்தில் மிச்சம் இருக்க வேண்டும். அவர் பேசியது நிலத்தையும் பழங்களையும் பற்றி. பைக்குக்கும் அது பொருந்தும். வண்டி ஓடுவது என் வீட்டு வரவேற்பறையில் அல்ல. சாலை, காற்று, இரவின் அமைதி இவை மூன்றும் பொது. வண்டியை என்னுடையதாக ஆக்கிக்கொள்ளும் வேலையில் இவற்றிலும் கொஞ்சம் சேர்த்து எடுத்துக்கொள்கிறேனா என்பதுதான் கேள்வி.

*

மாடிஃபிகேஷன் வகைகளின் பெயர்களையே பாருங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் கனமான ஹார்லிகளின் பின் மட்கார்டை நறுக்கினார்கள். வாலை நறுக்குவது என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து 'பாபர்' வந்தது. அடுத்து வந்த 'சாப்பர்' என்பதும் வெட்டுதல்தான். 1950-60களில் லண்டனின் ஏஸ் கஃபே போன்ற இடங்களில் கூடிய இளைஞர்கள் தேவையில்லாதது என்று தோன்றியதையெல்லாம் கழற்றி, ஹேண்டிலைத் தாழ்த்தி உருவாக்கியது கஃபே ரேஸர். பெயரிலேயே கழித்தல் இருக்கிறது.

அவர்களுக்கு ஒரு காரணம் இருந்தது. எடை குறைந்தால் வேகம் கூடும். பந்தயத்தில் பின்னால் யாரும் உட்காரப்போவதில்லை. நம் ஊருக்கு வந்து சேர்ந்தபோது காரணம் வழியிலேயே இறங்கிவிட்டது, வடிவம் மட்டும் வந்தது. சாரி கார்டை எடுத்தால் என்ன வேகம் கூடிவிடப் போகிறது? ஆபீஸுக்கும் டீக்கடைக்கும் போகிற வண்டியில் மட்கார்டின் எடையை மிச்சம் பிடித்து என்ன செய்வது? ஆனால் தனியாக, யாரையும் சுமக்காமல், யாருக்கும் பதில் சொல்லாமல் பறக்கிற ஒருவனின் படம் அந்த வடிவத்தில் இருக்கிறது. நாம் வாங்குவது அந்தப் படத்தை. மற்றவர்களுக்கான பாகங்கள் அந்தப் படத்தைக் கெடுக்கின்றன, அதனால் கழற்றுகிறோம். தற்செயல் இல்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

*

வண்டியோடு பழகுவதில் இன்னொரு வழி உண்டு. பராமரிப்பு. பெயரிலேயே சோம்பல் இருக்கிறது, யாரும் அதை வீடியோ எடுத்துப் போடுவதில்லை. ஆனால் என்னை மாற்றியது அதுதான்.

செயினை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் எவ்வளவு ஆட வேண்டும் என்று மேனுவலில் ஓர் அளவு இருக்கும். பல வண்டிகளில் சுமார் 25 மில்லிமீட்டர். டைட்டாக வைத்தால் பள்ளத்தில் சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் இழுபட்டு கியர்பாக்ஸ் பேரிங்கைத் தின்னும். லூசாக விட்டால் ஸ்ப்ராக்கெட்டிலிருந்து கழன்று விழும். இதில் என் ரசனைக்கு இடமில்லை. எனக்கு டைட்டான செயின்தான் பிடிக்கும் என்று சொன்னால் வண்டி கேட்காது.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் முனை ஒரு கடிதம் மாதிரி. டீத்தூள் போல வெளிர் பழுப்பாக இருந்தால் பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலந்து எரிகின்றன. கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம், இன்ஜின் சூடாகிறது. டேப்பெட் இன்னும் நுட்பம். ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அளவே உள்ள இடைவெளி. லூசானால் டிக் டிக் என்று சத்தம் கேட்கும், எல்லோரும் பதறுவார்கள். டைட்டாக இருந்தால் சத்தமே வராது, ஆனால் வால்வு சரியாக மூடாமல் மெல்லக் கருகும். சத்தம் போடுகிற டேப்பெட்டை விட அமைதியான டேப்பெட்டுக்குத்தான் பயப்பட வேண்டும் என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வார்கள். புகார் சொல்லாதவரிடம் பிரச்சினை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இதை எனக்குக் கற்றுத்தந்த முதல் ஆசிரியர் ஒரு வால்வு.

ராபர்ட் பிர்சிக் 1974-இல் வெளியிட்ட ஜென்னும் மோட்டார்சைக்கிள் பராமரிப்பும் பற்றிய புத்தகம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கம்ப்யூட்டர் மேனுவல்கள் எழுதிச் சம்பாதித்த மனிதர் அவர். அதில் ஒரு நிகழ்ச்சி. நண்பர் ஒருவரின் விலையுயர்ந்த பிஎம்டபிள்யூவில் ஹேண்டில்பார் வழுக்குகிறது. பீர் கேனிலிருந்து அலுமினியத்தை வெட்டி மெல்லிய தகடாகச் செருகினால் சரியாகிவிடும் என்கிறார் பிர்சிக். நண்பருக்கு அது அவமானமாகப்படுகிறது. இவ்வளவு காஸ்ட்லியான வண்டியில் பீர் டின்னா! பிர்சிக் பார்த்தது அந்தத் தகடு செய்யப்போகும் வேலையை. நண்பர் பார்த்தது அது எங்கிருந்து வந்தது என்பதை.

பராமரிப்பில் நம் விருப்பம் பின்னால் போய்விடுகிறது. நமக்கு வெளியே இருக்கும் ஒன்று என்ன கேட்கிறது என்று கவனிக்கிறோம். அந்தக் கவனம் சேரச் சேர, ஒவ்வொரு பாகமும் ஏன் இருக்கிறது என்று தெரியவருகிறது. அது தெரிந்த பிறகு செய்யும் மாற்றம் வேறு. கார்புரேட்டர் வண்டியில் சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் திறந்துவிட்டால் காற்று கூடும், கலவை மெலியும், பிளக் வெளுக்கும், அதனால் மெயின் ஜெட்டையும் மாற்ற வேண்டும். யமஹா ஆர்எக்ஸ் 100 மாதிரியான டூ-ஸ்ட்ரோக்கில் சைலன்சர் இன்ஜினின் ஓர் உறுப்பு போலவே வேலை செய்கிறது. அதன் வடிவம் அனுப்பும் எதிர் அலைதான் வெளியே ஓடப்பார்க்கும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் திரும்பத் தள்ளுகிறது. குழாய்தானே என்று வெட்டினால் சத்தம் கூடி, இழுவை குறையும்.

மென்பொருள்காரர்களிடம் செஸ்டர்டனின் வேலி என்று ஒரு பேச்சு உண்டு. ஜி.கே. செஸ்டர்டன் 1929-இல் எழுதியது. சாலையின் குறுக்கே ஒரு வேலி நிற்கிறது. எதற்கென்று எனக்குத் தெரியவில்லை, அகற்றிவிடலாம் என்று ஒருவர் வந்தால், எதற்கென்று தெரிந்துகொண்டு வா, பிறகு பேசலாம் என்பது அவர் பதில். பழைய கோடில் காரணம் புரியாத நாலு வரி இருந்தால் அழித்துவிட்டு சிஸ்டத்தை டெஸ்ட் செய்வோம். நமக்கு எல்லாம் சரியாக ஓடும். அந்த நாலு வரி திரையைப் பார்க்க முடியாமல் கேட்டுப் பயன்படுத்தும் ஒருவருக்காக எழுதப்பட்டிருக்கும். நாங்கள் அவரை 'எட்ஜ் கேஸ்' என்போம். ஓரத்தில் இருப்பவர்.

சாரி கார்டு நிற்பதும் ஓரத்தில் இருக்கும் ஒருவருக்காகத்தான்.

*

போன வருடம் ஒரு சனிக்கிழமை, நான் வழக்கமாகப் போகும் மெக்கானிக் கடையில் ஒரு பையன் வந்து நின்றான். இருபது வயதிருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய 150 சிசி வண்டி.

"அண்ணே, சாரி கார்டு, பின்னாடி கம்பி ரெண்டையும் எடுத்துருங்க. சிங்கிள் சீட்டு போடணும்."

"அம்மாவ எங்கடா உக்கார வைப்ப?"

"அம்மாவுக்குத்தான் பஸ் ஃப்ரீயாச்சேண்ணே."

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். நானும்தான். மெக்கானிக் சிரித்துக்கொண்டே ஸ்பேனரை எடுத்தார். கழற்றி முடித்ததும் இரண்டையும் துணியில் துடைத்து, போல்ட்டுகளை ஒரு சின்ன கவரில் போட்டு முடிச்சுப் போட்டு அவன் கையில் கொடுத்தார். "தூக்கிப் போட்டுராத. வீட்ல வை. என்னைக்காச்சும் வேணும்னு வருவ, அப்ப இந்த போல்ட்டு கிடைக்காது."

அவர் அறிவுரை சொல்லவில்லை, வேலையையும் மறுக்கவில்லை. அது அவர் பிழைப்பு. ஆனால் பின்சீட்டில் உட்காரப்போகும் அந்த இன்னொருவரை அவர் மறக்கவில்லை. திரும்பி வர வழி வைத்து அனுப்பினார். இது ஒரு அளவுகோலாகவே எனக்குப் படுகிறது. மாற்று, ஆனால் திருப்பி வைக்க முடிகிற மாதிரி மாற்று. வெட்டிய சேஸிஸைத் திருப்பி ஒட்ட முடியாது. கழற்றிய கம்பியைப் பூட்டலாம்.

இங்கே நியாயமான எதிர்வாதம் ஒன்று உண்டு. சாரி கார்டு யாரை நினைத்துச் செய்யப்பட்டது? ஆண் ஓட்டுவான், பெண் புடவையில் இடதுபக்கம் காலைத் தொங்கப்போட்டு உட்காருவாள் என்ற கற்பனை அந்தக் கம்பியில் அப்படியே இருக்கிறது. இன்று பெண்கள் தாங்களே ஓட்டுகிறார்கள், ஜீன்ஸ் போட்டு இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்காருகிறார்கள். பிறகு எதற்கு அந்தப் பழைய இரும்பு? என் தோழி ஒருத்தி இதைக் கேட்டாள். அவள் தன் வண்டியில் அதை எடுத்துவிட்டாள்.

அவள் சொல்வதில் பாதி சரி. ஆனால் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதியைப் படித்தால் அதில் புடவை இல்லை, பெண்ணும் இல்லை. பின்னால் ஒருவர் அமர இடமுள்ள பைக்கில் நிலையான கைப்பிடி, கால் வைக்க இடம், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு, இவை இருக்க வேண்டும். பின்னால் இருப்பவரின் உடை சக்கரத்தில் சிக்கக் கூடாது. அவ்வளவுதான். வேட்டியும் சிக்கும், துப்பட்டாவும் சிக்கும், மழைக்கோட்டின் நுனியும் சிக்கும். அந்த மூன்றையும் எதற்கென்று யோசித்தால், பிடித்துக்கொள்ள ஒன்று, ஊன்றிக்கொள்ள ஒன்று, காப்பாற்ற ஒன்று. ஒரு விருந்தாளிக்கு நாம் ஏற்பாடு செய்வது இதைத்தானே?

விருந்தாளி யார் என்று முன்கூட்டித் தெரியாது என்பதுதான் இதில் முக்கியம். நம் ஊர்ப் பக்கம், கடைசி பஸ் போன பிறகு, சாலையோரத்தில் ஒரு கை நீளும். ஸ்கூல் பையோடு ஒரு பையன், மருந்துச்சீட்டோடு ஒரு பெரியவர். "தம்பி, அந்த முக்குவரைக்கும்." சிங்கிள் சீட் வண்டி நிற்காது. நிறுத்த மனம் இல்லாததால் அல்ல, இடம் இல்லாததால். வீட்டில் உட்கார்ந்து சீட்டைத் தேர்வு செய்த அன்றே, இனி யாரும் வரமாட்டார்கள் என்று முடிவெடுத்தாகிவிட்டது. அந்த முடிவு சாலையில் எடுக்கப்பட்டிருந்தால் நமக்கு உறுத்தியிருக்கும். கடையில் எடுக்கப்பட்டதால் அது வெறும் ஸ்டைல்.

பிர்சிக்கின் புத்தகத்தில் எல்லோரும் தத்துவத்தைப் பேசுவார்கள். எனக்கு அதில் மறக்காதது பின்சீட்டு. மின்னசோட்டாவிலிருந்து கலிஃபோர்னியா வரை அந்தப் பயணம் முழுக்க அவருக்குப் பின்னால் பதினோரு வயது மகன் கிறிஸ் உட்கார்ந்திருக்கிறான். முன்னால் அப்பா தரத்தைப் பற்றியும் பகுத்தறிவைப் பற்றியும் யோசித்துக்கொண்டே போகிறார். பையனுக்குத் தெரிவது அப்பாவின் முதுகு. கடைசி அத்தியாயத்தில் அவன் ஃபுட்ரெஸ்ட் மேல் எழுந்து நின்று, அவர் தோளுக்கு மேலாகச் சாலையைப் பார்க்கிறான். பராமரிப்பு பற்றிய உலகின் மிகப் பிரபலமான புத்தகம், பின்னால் இருப்பவருக்கும் சாலை தெரிகிற இடத்தில்தான் முடிகிறது.

*

சத்தத்துக்கு வருவோம். இங்கேதான் எல்லோருக்கும் கோபம் வரும், இரண்டு பக்கமும்.

இந்தியாவில் 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குகள் தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போது சத்தத்தின் வரம்பு 80 டெசிபல். டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் இல்லை. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. சைலன்சரின் உள்தடுப்பை எடுப்பவர் 'கொஞ்சம் பேஸ் வரட்டும்' என்றுதான் எடுக்கிறார். தெருவில் அது கொஞ்சமாக இருப்பதில்லை.

சத்தம் இருந்தால் பாதுகாப்பு, மற்ற வண்டிகளுக்கு நாம் வருவது தெரியும் என்று ஒரு வாதம் உண்டு. சைலன்சரின் வாய் பின்பக்கம் பார்க்கிறது. நமக்கு ஆபத்து பெரும்பாலும் முன்னாலிருந்து வருகிறது, திரும்பும் காரிடமிருந்து, திறக்கும் கதவிலிருந்து. அவர்களிடம் பேசுவதற்கு ஹாரனும் ஹெட்லைட்டும் இருக்கின்றன. ஓட்டுபவர் ஹெல்மெட்டுக்குள் இருக்கிறார், அந்தத் தெருவைக் கடக்கும் நாலு நொடியோடு அவருக்கு அது முடிந்துவிடும். தூளியில் குழந்தையை ஆட்டித் தூங்கவைத்த அம்மாவுக்கு அப்போதுதான் தொடங்கும்.

அதே சமயம், ஆடி மாதக் கூம்பு ஸ்பீக்கருக்கும் தனியார் பஸ்ஸின் ஏர் ஹாரனுக்கும் பழகிய ஊரில், ஒரு பையனின் பைக் சத்தத்தை மட்டும் ஒழுக்கக்கேடு என்று பேசுவதில் எனக்குச் சங்கடம் இருக்கிறது. பல நகரங்களில் போலீஸ் பறிமுதல் செய்த சைலன்சர்களை வரிசையாக அடுக்கி, ரோடு ரோலர் ஏற்றி நசுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த சைலன்சர்கள் பெரும்பாலும் யாருடையவை? டிப்ளமோ முடித்து, காண்ட்ராக்ட் வேலையில், முதல் சம்பளத்தில் இ.எம்.ஐ. போட்டு வண்டி வாங்கியவனுடையவை. வீட்டில் அவன் பேச்சு எடுபடாது, கம்பெனியில் அவன் பெயரே தெரியாது. ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது தெருவே திரும்பிப் பார்க்கிறது. 'நானும் இருக்கேன்' என்று சொல்ல அவனிடம் இருக்கும் ஒரே ஸ்பீக்கர் அதுதான். இதைப் புரிந்துகொள்ளாமல் அவனுக்குப் பாடம் நடத்துவது சுலபம்.

புரிந்துகொண்ட பிறகும் எனக்குக் கேள்வி அப்படியே நிற்கிறது. அவன் யாரிடம் அதைச் சொல்கிறான்? அவனைப் பொருட்படுத்தாத முதலாளியின் வீட்டு ஏசி அறைக்குள் அந்தச் சத்தம் போவதில்லை. ஜன்னல் திறந்திருக்கும் வீட்டுக்குத்தான் போகிறது. நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவரிடம், ஒண்டிக்குடித்தனத்தில் பரீட்சைக்குப் படிக்கும் பெண்ணிடம். அதாவது தன்னைப் போலவே யாரும் கண்டுகொள்ளாதவர்களிடம். கோபம் நியாயமானது, போய்ச்சேரும் விலாசம் தவறு.

*

அப்படியானால் எந்த மாற்றமும் கூடாதா? சட்டம் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆனால் நம் தெருவில் அதிகம் மாற்றப்பட்ட வண்டி எது? பாபரும் இல்லை, கஃபே ரேஸரும் இல்லை. டிவிஎஸ் எக்ஸ்எல். 1980-இல் டிவிஎஸ் 50 என்று தொடங்கிய மொபெட்டின் வாரிசு. அதன் பின்சீட்டை எடுத்துவிட்டு மீன் பெட்டி, தண்ணீர் கேன் ஸ்டாண்டு, டீ டிரம், காய்கறிக் கூடை என்று வெல்டிங் பட்டறையில் விதவிதமாகப் பொருத்திக்கொள்கிறார்கள். அவற்றை யாரும் கஸ்டம் பில்ட் என்று சொல்வதில்லை, எந்த எக்ஸ்போவிலும் வைப்பதில்லை. இன்னொன்று, மாற்றுத்திறனாளிகள் ஓட்டும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர். தமிழ்நாடு அரசே அதை வழங்குகிறது. வீட்டுக்குள் இருந்த ஒருவரை வேலைக்கும் கடைத்தெருவுக்கும் கொண்டுவந்து சேர்த்த மாற்றம் அது. இரண்டு சக்கரத்தைக் கூட்டினால் வண்டியின் அழகு போய்விடும் என்று அங்கே யாரும் கவலைப்படுவதில்லை.

இதைப் பார்த்துவிட்டு, கழிப்பது தவறு, கூட்டுவது சரி என்று சொல்லத் தோன்றும். அதுவும் சரியாக வராது. எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்கும் எல்ஈடி விளக்கும் கூட்டல்தான். பக்கவாட்டில் ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கிராஷ் கார்டும் கூட்டல்தான். மீன் பெட்டியின் கூர்முனைகூட யாரையாவது கிழிக்கலாம். சட்டத்தால் இந்த வித்தியாசங்களைப் பார்க்க முடியாது. மீன்காரரின் பெட்டியும் பையனின் சைலன்சரும் அதற்கு ஒன்றுதான், இரண்டும் பதிவுச் சான்றில் இல்லாதவை. எது நடைமுறையில் பிடிபடும், எது விடப்படும் என்பது நாளைப் பொறுத்தது, எதிரே நிற்கும் போலீஸ்காரரைப் பொறுத்தது.

சட்டத்தால் பார்க்க முடியாததை வண்டிக்காரர் பார்க்கலாம். அவர் கையில்தான் ஸ்பேனர் இருக்கிறது. போல்ட்டைத் திருகுவதற்கு முன் கேட்டுக்கொள்ள ஒரே கேள்வி போதும் என்று நினைக்கிறேன்: இந்த மாற்றத்தின் விலையை யார் கொடுக்கப் போகிறார்கள்? ஹேண்டிலை உயர்த்தினால், என் முதுகு தேறலாம் அல்லது கெடலாம், கணக்கு என்னுடையது. டேங்க்குக்கு அடர்பச்சை அடித்தால், அது பிடிக்காதவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், பதிவுச் சான்றில் நிறத்தை மாற்றிக்கொண்டால் சட்டத்துக்கும் கணக்கு முடிந்தது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்தால்? கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் மாற்றிக்கொண்டிருந்த அந்தச் சின்னக் கூடு போய்விட்டது என்று யாருக்கும் தெரியாது. வண்டி கொஞ்சம் சுறுசுறுப்பாகக்கூட இருக்கும். டிராஃபிக் சிக்னலில் எனக்குப் பின்னால் குழந்தையோடு நிற்பவர் அதற்கான விலையைக் கொடுப்பார். அவருக்கு அது தெரியவும் தெரியாது. எதிர்ப்புச் சொல்லவே வாய்ப்பில்லாத ஒருவரிடமிருந்து எடுப்பதற்கு 'என் வண்டி' என்பது பதிலாகாது.

பராமரிப்பையும் இப்படிப் பார்க்கலாம். பிரேக் ஷூ தேய்ந்துவிட்டதா என்று பார்ப்பது எனக்காக மட்டுமா? என் முன்னால் திடீரென்று குறுக்கே ஓடப்போகும் ஒரு குழந்தைக்காகவும்தான். வழுக்கையான டயரை மாற்றுவது பின்சீட்டுக்காகவும். எரியாத பிரேக் லைட் பல்பை மாற்றுவது பின்னால் வரும் லாரி டிரைவருக்காக. யாரும் பார்க்காத, யாரும் பாராட்டாத வேலைகள். ஒரு வண்டியை 'என்னுடையது' என்று சொல்ல வைப்பவை இவைதான் என்று இப்போது நினைக்கிறேன். என்னுடையது என்றால் என் இஷ்டப்படி செய்யலாம் என்று ஓர் அர்த்தம் உண்டு. அதனால் யாருக்கு என்ன நேர்ந்தாலும் நான் பதில் சொல்கிறேன் என்று இன்னோர் அர்த்தமும் உண்டு. "யாருடைய வண்டி இது?" என்று விபத்து நடந்த இடத்தில் கேட்கும்போது இந்த இரண்டாவது அர்த்தத்தில்தான் கேட்கிறார்கள்.

ஆகவே மாற்றுங்கள். கை கறுக்கட்டும். சீட்டை மாற்றும்போது பின்சீட்டின் ஸ்பாஞ்சையும் தொட்டுப் பாருங்கள், பெரும்பாலான வண்டிகளில் அதுதான் கல்லாக இருக்கும். ஃபுட்ரெஸ்ட்டின் ரப்பர் கிழிந்திருந்தால் ஒரு ஜோடி வாங்கிப் போடுங்கள், பெரிய விலை இல்லை. சாரி கார்டு உண்மையிலேயே அசிங்கமாக இருக்கிறது என்றால், வெல்டரிடம் உட்கார்ந்து, சக்கரத்தையும் மறைத்து, கண்ணுக்கும் நன்றாக இருக்கிற மாதிரி ஒன்றை வரைந்து செய்யச்சொல்லுங்கள். கழற்றுவதற்கு பத்து நிமிடம் போதும். அப்படி ஒன்றைச் செய்ய மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆகும், நாலு தடவை சரியாகப் பொருந்தாது. டிசைன் என்ற சொல்லுக்கு நாங்கள் ஆபீஸில் கொடுக்கும் அர்த்தமே அதுதான்: எல்லோரையும் கணக்கில் வைத்துக்கொண்டு அழகாகச் செய்வது. அந்த வண்டியைப் பார்த்து "லுக்கே மாறிடுச்சு" என்று யாராவது சொன்னால் தாராளமாகப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.